புதுசா பெயிண்ட்பால் ஆடுறவங்களுக்கு எந்தெந்த ஆட்டம் வைக்கலாம்? (காரைக்குடி பக்கம்)

செம்மண்புழுதி:
தை மாசக் கடைசியில வீட்டுல சாந்தி (பெரியவங்க வயசு நிறைவு விசேஷம்). சென்னை, கோவை, சிங்கப்பூர்னு பங்காளி வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் வர்றாங்க. மறுநாள் காலையில பெயிண்ட்பால் (சாய உருண்டையால ஒருத்தரை ஒருத்தர் சுடுற ஆட்டம்) வைக்கலாம்னு பேச்சு. மொத்தம் 14 பேர், வயசு 15லிருந்து 40 வரை. ஒருத்தரும் இதுக்கு முன்னாடி மார்க்கரை, அதாவது உருண்டை சுடுற துப்பாக்கியை, தொட்டதில்லை. மார்க்கர், மாஸ்க், உருண்டை எல்லாத்தையும் வாடகைக்குத் தர்ற குழு நடுவரையும் கூட்டிட்டு வருது. எதிரணியில எல்லாரையும் சுட்டு முடிக்கிற ஒரே ஆட்டம்தான் எங்களுக்குத் தெரியும். வேற என்ன வைக்கலாம், எந்த வரிசையில? இடம் ரெண்டு இருக்கு: ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பு, இல்லைன்னா பழைய வீட்டோட பின்கட்டு.

நடுக்கொடி:
ஏழுக்கு ஏழு, நல்ல எண்ணிக்கை. சுட்டு முடிக்கிற ஆட்டத்தையே முதல்ல வைங்க, ஆனா 5 நிமிஷம்தான். முதல் அடி வாங்குற பயம் போறதுக்கு அது போதும். நேரக் கணக்கு இல்லாம விட்டா ரெண்டு பக்கமும் மரத்துக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு ஹாப்பரை (மார்க்கர் மேல உருண்டை போடுற டப்பா) காலி பண்ணுவாங்க. முதல்ல அவுட் ஆனவங்க வெயில்ல சும்மா நிப்பாங்க, அவங்களுக்கு அதோட ஆர்வம் போயிடும்.

அடுத்தது நடுக்கொடி. களத்து நடுவுல ஒரே கொடி. அதை எடுத்துட்டுப் போய் எதிரணி புறப்பட்ட இடத்துல நட்டா வெற்றி. கொடியோட போறவர் அடிபட்டா, கொடியைப் பக்கத்து மரத்துல மாட்டிட்டு வெளியேறணும். வீசக் கூடாது, இன்னொருத்தர் கையில கொடுக்கவும் கூடாது. அணிக்கொரு கொடி வைக்கிற ஆட்டம் உங்களுக்கு வேண்டாம். ஏழு பேர்ல நாலு பேர் தங்கள் கொடியைக் காக்கிறேன்னு உட்கார்ந்துடுவாங்க, களம் செத்துப்போகும். நடுவுல கொடி இருந்தா எல்லாரும் நகர்ந்தே ஆகணும். 1981ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் காட்டுல 12 பேர் ஆடின முதல் ஆட்டமே கொடி சேர்க்கிற ஆட்டம்தான். அதுல ஜெயிச்சவர் ஒரு தடவைகூடச் சுடலை. பிள்ளைங்ககிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க.

இதையே ரெண்டாவது சுத்துல மறுவரவோட வைங்க. அவுட் ஆனவர் மார்க்கரைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, பேரல் உறையை (குழல் வாயை மூடுற உறை) மாட்டிக்கிட்டு, தன் அணியோட புறப்பாட்டு மரம் வரை நடந்து போய்த் தொடணும். உறையை அங்கதான் கழட்டணும், பிறகு மறுபடி உள்ளே வரலாம். கபடியில வெளியே போனவன் திரும்ப வர்ற மாதிரி. 10 நிமிஷ முடிவுல கொடி எந்தப் பாதியில இருக்குன்னு பார்த்து, அந்தப் பாதியை நோக்கி முன்னேறின அணிக்கு வெற்றின்னு சொல்லிடலாம்.

வடக்குவாசல்:
மறுவரவு சரிதான். ஆனா நான் அதுக்கு முன்னாடி வைத்தியர் ஆட்டம் வைப்பேன். புதுசா வர்றவங்க தனித்தனியா ஓடுவாங்க, இந்த ஆட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தான் ஆடணும். அணிக்கு ஒரு வைத்தியர், கையில ரிப்பன். அடிபட்டவர் அதே இடத்துல மண்டியிட்டுக் கையைத் தூக்குவார். வைத்தியர் வந்து தோளைத் தொட்டு, ஈரத்துணியால சாயத்தைத் துடைச்சதும் மறுபடி ஆடலாம். துணி இல்லாம இதை ஆரம்பிக்காதீங்க. பழைய கறையா புதுக் கறையான்னு மூணாவது நிமிஷமே சண்டை வந்துடும். வைத்தியர் அடிபட்டா அவருக்கு வைத்தியம் இல்லை.

கடைசி ஆட்டமா முக்கியஸ்தர் பாதுகாப்பு. மார்க்கர் இல்லாத ஒருத்தர், காவலுக்கு எட்டு பேர், மறிக்க அஞ்சு பேர். 10 நிமிஷத்துல அவரை மறுமுனைக்குச் சேர்க்கணும். மறிக்கிறவங்க முதல்லயே போய் ஒளிஞ்சுக்கலாம்ங்கிறதால அஞ்சு பேரே தாராளம். சமமாப் பிரிச்சா முக்கியஸ்தர் பத்தடி தாண்ட மாட்டார்.

காரைச்சுவர்:
பின்கட்டு வேண்டவே வேண்டாம். உருண்டைக்குள்ள இருக்கிற சாயம் தண்ணியில கரையும், துணியில போயிடும். ஆனா சுண்ணாம்புக் காரையும் ஆத்தங்குடிக் கல்லும் நுண்துளை உள்ளவை, சாயத்தை உள்ளே இழுத்துக்கும். பழைய பூச்சு தளர்ந்திருந்தா அடியிலேயே பெயர்ந்து விழும். அதைவிட முக்கியம், தூணுக்குத் தூண் ரெண்டு மூணு அடியில நேருக்கு நேர் மாட்டிக்குவாங்க, அந்தத் தூரத்துல அடி பலமா விழும்.

முந்திரியிலயும் தை மாசம் பூ இருக்கும். கிளை கண் மட்டத்துக்குத் தாழ்ந்திருக்கும். பக்கத்துல தைலமரத் தோப்பு கிடைக்குதான்னு பாருங்க. 50 மீட்டருக்கு 35 மீட்டர் போதும். தைலமரம் ஒல்லி, மறைவு தராது. அதனால பின்னின தென்னங்கீற்றை ரெண்டு மடிப்பா, நாலடி உயரத்துக்கு மரத்துக்கு மரம் கட்டுங்க. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு மறைவு. எல்லைக்கு வெளியே நூறு மீட்டர் வரை பாதையோ மேய்ச்சலோ இருக்கக் கூடாது.

முடிஞ்சதும் உடையாத உருண்டைகளைப் பொறுக்கிடுங்க. நாய் தின்னா வாந்தி, நடுக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பொறுக்கினதைத் திரும்ப ஹாப்பர்ல போடாதீங்க. ஈரத்துல ஊதி, மண் ஒட்டியிருக்கும். பேரலுக்குள்ளேயே உடைஞ்சு, அடுத்த பத்து உருண்டையும் கோணலாப் போகும்.

செம்மண்புழுதி:
ரொம்ப நன்றிண்ணே, தைலமரத் தோப்புக்குச் சொல்லிட்டேன். ஆளுக்கு எத்தனை உருண்டை? அடிபட்டதுன்னு எதை வச்சு முடிவு பண்றது?

நடுக்கொடி:
நாலு ஆட்டத்துக்கு ஆளுக்கு 200. மொத்தம் 2800 ஆகுது. 2000 உள்ள ஒரு பெட்டியும் 500 உள்ள ரெண்டு பையும் வாங்கினா கொஞ்சம் மிஞ்சும். ஆட்டத்துக்கு 50ன்னு எண்ணிக் கொடுங்க. மொத்தமா கொடுத்தா முதல் ஆட்டத்திலேயே தீர்த்துடுவாங்க.

உடைஞ்ச சாயம் ஒரு ரூபாய் நாணய அளவு இருந்தா அவுட். பட்டுத் தெறிச்ச உருண்டையும், மரத்துல உடைஞ்சு சிதறின சாயமும் கணக்கில்லை. தனக்குத் தெரியாத இடத்துல பட்டிருந்தா நடுவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம், அதுவரை யாரும் அவரைச் சுடக் கூடாது.

காலையில 7 மணிக்கே ஆரம்பிச்சுடுங்க. உருண்டையோட ஜெலட்டின் தோல் வெயில்ல இளகிடும், பட்டாலும் உடையாது. பெட்டியை நிழல்ல வைங்க, ஐஸ் பெட்டியில வேண்டாம், குளிர்ந்தா தோல் நொறுங்கும். மார்க்கருக்குக் கார்பன் டை ஆக்சைடு உருளைன்னா சூடு ஏற ஏற அழுத்தமும் கூடும். அதனால 9 மணிக்கு ஒரு தடவை உருண்டையோட வேகத்தை வேகமானியில மறுபடி பார்க்கச் சொல்லுங்க. மேல் வரம்பு நொடிக்கு 300 அடி. உங்க ஆளுங்களுக்கு 270 போதும்.

மாஸ்க்ல மூச்சு படிஞ்சு மங்குச்சுன்னா பிள்ளைங்க தன்னாலே கழட்டுவாங்க. அந்த இடத்துலதான் கண்ணு போகும். மங்கினவர் கண்ணை மூடிக் கையைத் தூக்கணும், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எல்லா பேரலுக்கும் உறை மாட்டின பிறகு அவரைக் களத்துக்கு வெளியே கூட்டிட்டுப் போகணும். இரட்டைக் கண்ணாடி போட்ட மாஸ்க் இருக்கான்னு வாடகைக்காரங்ககிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கங்க.