"கடைசியாக எப்போது தூங்கினாய்?"

மகனுக்கு அப்போது 6 வாரம். பொழுது சாய்ந்தால் அழத் தொடங்கிவிடுவான். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. மூன்றாவது மணி நேரத்தில் அவனை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தேன். உலுக்கவில்லை, ஆனால் உலுக்கிவிடுவேன் என்று கைகளுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நானெல்லாம் ஒரு தாயா என்று அன்றிரவு முழுக்க அழுகை. வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரிடம் மறுநாள் சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியாக எப்போது தூங்கினாய்?" அதுவரை வந்தவர்கள் எல்லாரும் குழந்தையின் எடையைத்தான் கேட்டிருந்தார்கள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
நீங்கள் செய்ததைத்தான் நாங்கள் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்போம். பிறந்த இரண்டு வாரத்தில் அதிகரிக்கத் தொடங்கும் அழுகை 6 முதல் 8 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். நலமான குழந்தையும் அப்படித்தான் அழும். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அது வேறு. பச்சைக் குழந்தையை உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும், பார்வை போகும், உயிரே போகலாம். பத்து நிமிடம் தொட்டிலில் அழுவதால் ஒன்றும் ஆகாது. இதைப் பிரசவத்துக்கு முன்பே, தந்தையையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

1970-களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவின் எல்மைரா நகரில் ஓர் ஆய்வு தொடங்கினார். முதல் பிள்ளையைச் சுமந்த பெண்களின் வீடுகளுக்குக் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை செவிலியர்கள் போய்வந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்ட வன்கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். போய்வந்தவர்கள் புலனாய்வாளர்கள் அல்லர், துணைக்கு வந்தவர்கள் என்பதை நம் அதிகாரிகளுக்குப் புரியவைக்கத்தான் எனக்குப் பாதி ஆயுள் போயிற்று.

இரு பிள்ளைகளின் தந்தை:
எங்கள் வீட்டில் அடி இல்லை, கவனிப்பும் இல்லை. மனைவி போனபின் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்பது வயது மகள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று நானே நம்பவைத்துக்கொண்டேன். வகுப்பில் அவள் தூங்கி விழுவதைக் கண்ட ஆசிரியை என்னை அழைத்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். "பகல் வேலைக்கு மாற முடியுமா? மாலையில் பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொள்கிறோம்" என்றார். முதலாளிக்குக் கடிதமும் அவரே எழுதிக்கொடுத்தார். திட்டியிருந்தால் அடுத்த முறை அழைத்தபோது போயிருக்க மாட்டேன்.

பெயர் வேண்டாம்:
நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அடி வாங்கிய பிள்ளை. அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. யாரும் மன்னிக்கச் சொல்லவும் வேண்டாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டது. ஒருவர்கூடக் கதவைத் தட்டி அவளிடம் எதுவும் கேட்கவில்லை.