மெல்லிய முடிக்கு ஷவரின் வேகம் எவ்வளவு இருக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். என் தலையில் முடி அடர்த்தியாகவே இருக்கிறது; ஒவ்வோர் இழையும்தான் மிக மெல்லியது. (ஆகவே முடி வளர எண்ணெய் எதுவும் பரிந்துரைக்க வேண்டாம், தயவுசெய்து!) புது வீட்டு ஷவரில் தண்ணீர் ஊசியாய்ப் பாய்கிறது. குளித்து முடிப்பதற்குள் உச்சந்தலையில் முடி சிக்குச் சிக்காகிவிடுகிறது. சீப்பில் வருவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலும் குட்டைத் துண்டுகள். நுனியில் வேரின் வெள்ளைக் குமிழ் இல்லை. அதாவது முடி உதிரவில்லை, நடுவில் அறுகிறது. ஈர முடி வலுவிழந்து எளிதில் இழுபடும் என்பது தெரிந்ததே. ஆனால் தண்ணீரின் வேகமே அதை அறுக்குமா, அல்லது பிறகு சிக்கெடுக்கும்போதுதான் அறுகிறதா?

வேகத்தைக் குறைத்தால் வேறு தொல்லை. கண்டிஷனர் சரியாக அலசப்படாமல், காய்ந்த பிறகும் முடி தலையோடு படிந்து கிடக்கிறது. தண்ணீர் உப்பு இல்லை, அதைச் சோதித்தாயிற்று.

துளைகள் அகலமான ஷவருக்கு மாறியவர்கள் யாராவது உண்டா? கைஷவரை வேரருகே பிடித்து, முடி விழும் திசையிலேயே கீழ்நோக்கி அலசினால் சிக்கு குறைகிறதா? வாளியும் குவளையுமே மேல் என்றாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.