மறு: நாட்பட்ட புண் / ஆறாப்புண்: என் பரிந்துரை ‘தடைப்புண்’

அனைவருக்கும் வணக்கம். வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும் புண்ணுக்கு (chronic wound) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழையில், நான் முன்வைத்த ‘தடைப்புண்’ பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ஆறாப்புண்’ என்று மக்கள் வாயில் வழங்கும் சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான் ஐயா. வழக்கில் உள்ளதைத் தள்ளிவிட்டு ஆக்குவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அப்பாவின் பாதப்புண்ணுக்காகத் தந்த விளக்கத்தாளில் இந்தச் சொல்தான் தலைப்பாக இருந்தது. படித்துவிட்டு, “அப்ப இது ஆறவே ஆறாதா?” என்று கேட்டார். அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. ‘ஆறா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதற்குக் காலம் இல்லை. நேற்று ஆறாததும் நாளை ஆறப்போகாததும் அதற்குள் அடக்கம். ஆறக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பெயரை வைக்கலாமா?

‘நாட்பட்ட புண்’ அவ்வளவு கொடுமை செய்யாது. ஆனால் நாளை மட்டும் எண்ணுகிறது. புண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

சாதாரணமாக ஒரு புண்ணில் முதலில் ரத்தம் உறையும். பிறகு அழற்சி: வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும். ஓரிரு வாரத்துக்குள் அவை விலகிவிட, புது ரத்தக்குழாய்களும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் சேர்ந்து சிவந்த, குறுணை குறுணையான திசு எழும்பும். மேலே தோல் மூடும். அதன்பின் மாதக்கணக்கில் தழும்பு முறுக்கேறும், ஆனாலும் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டாது.

நாம் பெயர் தேடும் புண் பெரும்பாலும் அழற்சியிலேயே மாட்டிக்கொண்டது. வந்த வெள்ளணுக்கள் போவதில்லை. அவை விடும் புரதச் சிதைப்பு நொதிகள் புதிதாகக் கட்டிய கொலாஜனையும், திசுவை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. உடல் ஆற்றாமல் இல்லை, ஆற்றிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் கட்டியது நிலைப்பதில்லை. ஏன்? குறுகிய தமனி, கட்டுப்படாத சர்க்கரை, ஓயாத அழுத்தம், கிருமிப்படலம் (கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உண்டாக்கும் பிசுபிசுப்பான படலம்), சிரை வீக்கம், புகை, ஸ்டீராய்டு, புரதமோ வைட்டமின் சி-யோ போதாமை: ஏதோ ஒரு தடை, பல நேரம் இரண்டு மூன்று சேர்ந்து. அதனால்தான் நீரிழிவுப் பாதப்புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் பாதியாவது சுருங்கவில்லை என்றால், மருந்துக்கட்டை மட்டும் மாற்றாமல் தடை எது என்று மருத்துவர்கள் மறுபடி தேடுகிறார்கள். அப்பாவுக்கு அது அழுத்தம். பாதத்தின் அந்த இடத்தில் எடை விழாதபடி செய்ததும் மூடத் தொடங்கியது.

> ‘தேங்குபுண்’ என்று சொன்னால் என்ன?

முதலில் எனக்கும் பிடித்தது. இரண்டு இடறல். சீழ் தேங்கிய புண் என்று படிக்கிறார்கள். மேலும் அது வினைத்தொகை; முக்காலமும் காட்டும். ‘ஆறா’வில் எதைக் குறை சொன்னேனோ அதே குறை இங்கேயும் வருகிறது.

> ‘தடைப்புண்’ என்றால் எதையோ தடுக்கும் புண் என்று ஆகாதா?

ஆகாது என்றே நினைக்கிறேன். தீப்புண், படுக்கைப்புண் இரண்டையும் பாருங்கள். முன்னிற்கும் பெயர் காரணத்தைச் சொல்கிறது. தீயால் வந்தது, படுக்கையால் வந்தது. அதே வார்ப்பில் இது தடையால் ஆறுவது நின்றுபோன புண். பெயர்ச்சொல் என்பதால் காலச் சிக்கலும் இல்லை. கேட்பவர் மனத்தில் “என்ன தடை?” என்ற கேள்வி எழும். மருத்துவரிடம் அவர் கேட்க வேண்டியதும் அதுதான்.

‘காயம்’ என்று முடிக்கலாமே என்ற யோசனையை ஏற்கவில்லை. காயம் ஒரு நொடியில் படுவது, புண் இருந்துகொண்டிருப்பது. தமிழ் தானாகவே வைத்திருக்கும் இந்தப் பிரிவை நாம் அழிக்கக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்குத் தெளியவில்லை. அறுவைக்குப் பின் தையல் பிரிந்து, வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும் வெட்டு: அதையும் தடைப்புண் என்பதா, ‘பிரிந்த தையற்காயம்’ என்று தனியே வைப்பதா? செவிலியராகப் பணியாற்றுவோர் வார்டில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.