செட்டோடு வந்த லாக் புத்தகத்தை வீடு சேர்க்க வேண்டும்

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறை. போன மாதம் பாலக்காட்டில் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் கூடி பழைய சாமான்களை விற்று மாற்றிக்கொண்டபோது கென்வுட் டிஎஸ்-520எஸ் என்ற பழைய வானொலி செட் (அனுப்பவும் கேட்கவும் ஆவது) ஒன்று வாங்கினேன். செட் நன்றாக ஓடுகிறது. பெட்டிக்கு அடியில் ஒருவரின் லாக் புத்தகம், அதாவது வானொலியில் யார் யாரோடு பேசினார் என்ற பதிவேடு, இருந்தது, 1988 முதல் 1991 வரை. மூன்றாண்டுகள் ராத்திரி ராத்திரியாக எழுதியது. குடும்பத்திடம் கொடுத்தே ஆக வேண்டும்.

பெயர் இல்லை. உரிமத்தோடு தரப்படும் அழைப்புக்குறி மட்டும், வியூ2 (VU2) என்று தொடங்குகிறது. அதை வைத்து ஊரைப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அமெரிக்கக் குறியில் 6 வந்தால் பொதுவாகக் கலிபோர்னியா. ஆனால் நம் நாட்டில் 2, 3 என்பது உரிமத்தின் தரம்தான். வியூ4 அந்தமான், வியூ7 லட்சத்தீவு, அவ்வளவே இடம் சொல்லும்.

முதல் பக்கத்தில் எம்கே80 (MK80) என்று, உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடம் சொல்லும் கட்டக் குறியீடு இருக்கிறது. அதுவோ பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடக்கிவிடுகிறது. எல்லைக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. விற்றவர் பழைய இரும்புக் கடையில் எடுத்தாராம். இணையத்தில் தேடினேன், அந்தக் குறி எங்குமே வரவில்லை.

1990 வாக்கில் அச்சான இந்திய கால்புக் (அழைப்புக்குறிகளுக்கு உரியவர்களின் பெயர், முகவரிப் பட்டியல்) யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், முழுக் குறியையும் தனியாக அனுப்புகிறேன்.