'டி-டூப்ளிகேஷன்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பழைய பதிவுகளைச் சீர்செய்து கணினியில் ஏற்றத் திட்டமிடுகிறார்கள். ஓபி சீட்டு கவுன்டரில் இருப்பவர்களுக்கான கையேடு என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே நோயாளி பேரில் இரண்டு மூன்று பதிவு இருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கும் வேலைக்குத்தான் இந்தச் சொல். 'இரட்டைப் பதிவு நீக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'இரட்டை' இங்கே பொருந்தாது. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம். சலசல என்பதைப் பிரித்தால் 'சல'வுக்குப் பொருள் இல்லை. உங்கள் பதிவுகளோ ஒவ்வொன்றும் தனியே நின்று பொருள் தருகின்றன. 'பாம்பு பாம்பு' என்பதைப் போல அது அடுக்கு. ஆகவே 'அடுக்குப் பதிவு'. 'நீக்கம்' நல்ல சொல்தான், நீங்கு, நீக்கு, அடங்கு, அடக்கு என்று தன்வினை பிறவினையாகும் வரிசையில் வருவது. ஆனாலும் 'களைவு' இன்னும் செறிவு. வயலில் களை எடுப்பதை எண்ணிப் பாருங்கள். 'அடுக்குக் களைவு' என்று போடுங்கள்.

மதுரை, செவிலியர்:

ஐயா, 'இரட்டை' வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு. பிரசவ வார்டில் 'இரட்டைப் பதிவு' என்றால் இரட்டைக் குழந்தைதான் நினைவுக்கு வரும். 'டூப்ளிகேட்' என்று அப்படியே விடுவதும் ஆகாது. கவுன்டரில் ஒரு அம்மாவிடம் "உங்க சீட்டு டூப்ளிகேட்" என்றார் ஒருவர். "நான் என்ன போலிச் சீட்டா கொண்டு வந்தேன்?" என்று அந்த அம்மா அழுதுவிட்டார். தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்?

இந்த அடுக்குப் பதிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். பெண் மாமியார் வீட்டு ஊரில் கணவர் இனிஷியலோடு பதிகிறாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறாள்; அங்கே அப்பா இனிஷியல். ஒரு சீட்டில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி. வயதும் உத்தேசம். கர்ப்பிணிகளைப் பதியும்போது தரும் பிக்மி எண் 12 இலக்கம். அட்டையை மறந்து வந்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஆள் ஒருத்திதான், பொய் எதுவும் இல்லை.

என் முக்கியமான மறுப்பு 'நீக்க'த்துக்கும் 'களைவு'க்கும்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், திரையில் 'நீக்கு' என்று இருந்ததால் பழைய பதிவை நிஜமாகவே அழித்துவிட்டார்கள். பென்சிலின் ஒவ்வாது என்று சிவப்பு மையால் எழுதியிருந்த குறிப்பு அந்தப் பதிவில்தான் ஏறியிருந்தது. அந்த அம்மாவின் அக்கா நல்லவேளையாக வாய்விட்டுச் சொன்னார். மருத்துவப் பதிவில் களை என்று எதுவும் கிடையாது ஐயா.

சென்னை, மென்பொருள் பணி:

நடைமுறையில் எல்லாரும் 'மெர்ஜ் பண்ணு' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே அச்சடித்தால் யாருக்கும் குழப்பம் வராது. ஆளுக்கு ஒரு எண் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று 2021 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்கியபோது நானும் நம்பினேன். அதில் தரும் 14 இலக்க ஆபா எண் (சுகாதார அடையாள எண்) உதவுகிறது, ஆனால் அது கட்டாயமில்லை. பழைய பதிவுகளில் அது இருக்கவும் வழியில்லை. பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். ஒலியொப்புமை பார்த்து, ஒத்தொலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறை 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முத்துலட்சுமி என்பதை ஆங்கில எழுத்தில் 'லக்ஷ்மி' என்று முடித்தால் அது எம் 342 என்ற குறியீடு தருகிறது, 'லட்சுமி' என்று முடித்தால் எம் 343. முத்துலட்சுமி இரண்டு பேராகிவிடுகிறார்!

தஞ்சாவூர்:

வியப்பில்லை. உங்கள் முறையின் இன்றைய வடிவம் மகரத்தையும் னகரத்தையும் ஒரே கூட்டில் அடைக்கிறது. பகரமும் மகரமும் இதழில் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் தெளிவாகச் சொல்கிறது. அதன்படி ஒரு தமிழ்க் குறிமுறை செய்தால் என்ன? எழுத்து எழுத்தாக வகுத்துத் தருகிறேன். லட்சுமி, லெட்சுமி, இலக்குமி மூன்றையும் ஒரு கூட்டில் சேர்க்கலாம். 'இலக்குமி' என்பதே வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடமொழி எழுத்தை விலக்கி, வந்த வடிவம்தான்...

திருச்சி:

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குவோம். இன்று புதன்.

மதுரை:

பள்ளியில் எல்லாரும் எழுதியதுதானே, 'சேர்த்தெழுதுக', 'பிரித்தெழுதுக'? எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் தெரியும். பொத்தானில் 'சேர்த்தெழுது' என்று போடுங்கள். இரண்டு வேறு ஆட்களைத் தவறாக ஒன்றாக்கிவிட்டால் திரும்ப எடுக்க 'பிரித்தெழுது'. இந்த இரண்டாவது பொத்தான் இல்லாமல் முதலாவதைத் தரவே கூடாது. ரத்த வகை மாறினால் உயிர் போகும்.

சென்னை:

எனக்குச் சம்மதம். 'மெர்ஜ்' என்பதைவிட இது சுருக்கென்று புரிகிறது. திரையில் இடமும் போதும்.

தஞ்சாவூர்:

அம்மா, சொல் அழகு. ஆனால் சேர்த்தெழுதும்போது எழுத்து தோன்றும், திரியும், கெடும். மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்தால் மரவேர், மகரம் போயிற்று. ஒன்றும் கெடக்கூடாது என்று சொன்னவரே நீங்கள்தான். எழுத்து எதுவும் மாறாமல் சேரும் இயல்புப் புணர்ச்சி மட்டும் என்ற வரம்பு அந்தச் சொல்லில் இல்லை. என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

திருச்சி:

மூவர் 'சேர்த்தெழுதல்', ஐயா மட்டும் 'அடுக்கு' பக்கம். கையேட்டில் 'பதிவு சேர்த்தெழுதல்' என்று போடுகிறேன். ஐயாவின் மறுப்பை அதன்கீழே ஒரு வரியாக எழுதிவிட்டேன்: "சேர்க்கும்போது எந்தக் குறிப்பும் கெடக்கூடாது, இரண்டு பதிவிலும் உள்ளவை அப்படியே இருக்க வேண்டும்."

தஞ்சாவூர்:

வரி சரி. சொல்லை இன்னும் ஒப்பவில்லை.