வங்கியிலிருந்துதான் கூப்பிட்டார்களா? எப்படித் தெரிந்துகொள்வது?

கோட்டையூர் மீனா:
வணக்கம். கோட்டையூர்ல வீட்லயே பலகாரம் போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறேன். எண்ணெய், மாவு, மலேசியாவுக்குப் போற பார்சல் செலவு எல்லாம் ஒரே கிரெடிட் கார்டுலதான் ஓடுது. இன்னைக்கு மதியம் மனகோலம் பிழியும்போது ஒரு போன். 1600-ல ஆரம்பிக்கிற எண். "உங்க கார்டுல வெளிநாட்டு வெப்சைட் ஒண்ணுல 31,400 ரூபாய்க்கு முயற்சி நடந்திருக்கு, நீங்க செஞ்சதா?"ன்னு ஒரு பொண்ணு நல்ல தமிழ்ல கேட்டுச்சு. என் பேரு, கார்டோட கடைசி நாலு எண், ரெண்டும் சரியாச் சொல்லுச்சு. அப்புறம், சரிபார்க்கணும், பிறந்த தேதி சொல்லுங்கன்னுச்சு. நான் சொல்லாம வச்சுட்டேன். ஆனா ஓடிபி கேக்கவே இல்லை, அதுதான் குழப்பம். அப்பச்சி "பேசாம விடு"ங்குறாக. நிஜமா இருந்துட்டா? தீபாவளி ஆர்டர் நெருங்குது, இப்பக் கார்டு முடங்கினா எண்ணெய் டின் எடுக்க முடியாது.

தேவகோட்டை வாசகன்:
திருட்டுப் பய வேலைதான். எண்ணை பிளாக் பண்ணிட்டு பலகாரத்தைப் பாருங்க.

காரைக்குடி, வங்கிப் பணி ஓய்வு:
மீனா ஆச்சி, போனை வச்சது ரொம்பச் சரி. ஆனா அப்படியே விட்டுடாதீக. வங்கிகள் இப்படி நிஜமாவே கூப்பிடுவாங்க.

1600-ங்கிறது நல்ல அடையாளம்தான். சேவை அழைப்புக்கு 1600 வரிசை, விளம்பரத்துக்கு 140 வரிசைன்னு 2025 ஜனவரியில ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. ஆனா திரையில தெரியுற எண்ணைப் போலியாக் காட்டவும் முடியும். கடைசி நாலு எண் கடை ரசீதுலயே இருக்கும், உங்க பேரு பார்சல் மேலயே இருக்கு. பிறந்த தேதி வங்கியும் கேக்கும், திருடனும் கேப்பான். ஆக, அந்தக் குரலை வச்சு முடிவு பண்ண வழியே இல்லை.

நீங்க கூப்பிடுங்க. கார்டைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் பொடி எழுத்துல ஒரு எண் அச்சடிச்சிருக்கும், அதுக்குத்தான். கூகுள்ல வாடிக்கையாளர் எண் தேடாதீக, போலி எண்களை அங்க போட்டு வச்சுக் காத்திருக்கானுக. யாராவது அனுப்பின லிங்க்ல இருந்து ஆப் இறக்கியிருந்தா வேற போன்ல இருந்து பேசுங்க, நீங்க போடுற அழைப்பையே திருப்பிவிடுற ஆப் இருக்கு. நீங்களா கூப்பிட்டா பிறந்த தேதி சொல்லலாம். பின் எண்ணு, சிவிவி (கார்டுல அச்சடிச்சிருக்கிற ரகசிய எண்), ஓடிபி எதையும் எந்த மனுசர்கிட்டயும் வாயால சொல்ல வேண்டாம்.

ஓடிபி வரலைன்னு நிம்மதியா இருக்கவும் கூடாது. வெளிநாட்டு வெப்சைட் பலதுல ஓடிபி இல்லாமலே பணம் போயிடும். அதனால முதல்ல வங்கி ஆப்ல கார்டைத் தற்காலிகமாப் பூட்டுங்க. வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைக்கிற பொத்தானும் அங்கேயே இருக்கும். பார்சல் கம்பெனிக்கு நீங்க இங்கேயே ரூபாயில கட்டுறதா இருந்தா அது அணைஞ்சே இருக்கட்டும்.

சீக்கிரம் பண்ணுங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2017-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வெளியாள் திருட்டா இருந்து, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள நீங்க புகார் சொல்லிட்டா நட்டம் உங்க தலையில விழாது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போனது உங்க நட்டம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுறதுக்குக் காரணம், நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள்ல பிள்ளைக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்க, அப்பத்தாவும் ஐயாவும் தனியா இருக்காக. "ரத்து பண்ண ஓடிபி சொல்லுங்க"ன்னு ஒருத்தன் கேட்டா சொல்லிடுவாக. அந்த ஓடிபி வர்ற செய்தியிலேயே தொகையும் கடைப் பேரும் எழுதியிருக்கும், பணத்தை எடுக்கத்தான் அது வருது. பக்கத்துல உக்காந்து, செய்தியைத் திறந்து காட்டி ஒருத்தர் சொல்லணும்.

கோட்டையூர் மீனா:
ஐயா, ரொம்ப நன்றி. கார்டைப் பூட்டிட்டு, பின்பக்க எண்ணுக்குப் போட்டேன். அவுகதான் கூப்பிட்டிருக்காக! முயற்சி நடந்தது நிஜம், அவுகளே தடுத்துட்டாக, பணம் போகலை. வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன், "வச்சதுதான் சரி மேடம்"னாக. பழைய கார்டை முடக்கிட்டாக, புதுசு கூரியர்ல வருது. அதுவரைக்கும் எண்ணெய்க்கு ரொக்கம்தான்.

தேவகோட்டை வாசகன்:
நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் போல. ஐயா, பணம் போயிருந்தா யார்கிட்டச் சொல்றது?

காரைக்குடி, வங்கிப் பணி ஓய்வு:
முதல்ல வங்கி, உடனே 1930, அது சைபர் மோசடிப் புகாருக்கான அரசு போன் எண். வங்கி கொடுக்கிற புகார் எண்ணைக் குறிச்சு வச்சுக்கணும். ஆச்சி, பழைய கார்டுல மாசாமாசம் தானாப் பிடிக்கிற மாதிரி ஏதாவது கட்டணம் போட்டிருந்தா, புதுக் கார்டு வந்ததும் மாத்திவிடுங்க. "கார்டை இயக்கித் தர்றேன்"னு யாராவது போன் போட்டா வச்சுட்டு, ஆப்லயே நீங்களா இயக்கிக்குங்க.