வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும்: உங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஆனைமலைத் தோப்பு:
தென்னைச் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் வெள்ளை ஈயை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது. அடுத்த கோடையில் என் தோப்பு. கீழ்மட்டையெல்லாம் அடுப்புக்கரி பூசின மாதிரி. ஈ ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் அட்டை கட்டினேன், கடையில் கொடுத்த மருந்தையும் இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவைக்குக் கலக்கிக்கொண்டு இருந்தபோது, பார்க்க வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு கீற்றைத் திருப்பி லென்ஸை என் கையில் கொடுத்தார். ஈ வெளியே வந்த கூடு கீறினாற்போல் பிளந்திருக்கும். அவர் காட்டியதில் ஊசி குத்தின மாதிரி வட்டத் துளை. "இது குளவி வெளியே வந்த ஓட்டைங்க. ஈயைத் தின்னுட்டு வந்திருக்கு." அந்தக் குளவியின் பெயர் என்கார்சியா, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிக் குளவி. யாரும் விடவில்லை, ஈ போன வழியே தானாக வந்து சேர்ந்ததாம். பக்கத்திலேயே மருந்து டிரம். அந்த நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

உடுமலை மல்பெரி:
நீங்களாவது லென்ஸில் பார்த்தீர்கள். 2010இல் பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியைச் சுருட்டிப் போட்ட நேரம். மருந்தடித்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியுமா? போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த குளவி என்று ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்கள், பெயர் அசிரோபேகஸ். செடிக்கு நடுவில் நின்று மூடியைத் திறந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. "காத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று வீட்டம்மா சிரித்தார். சில மாதத்தில் இலை நிமிர்ந்தது. எந்த நாளில் நிமிர்ந்தது என்றுதான் கவனிக்கவே இல்லை.

வாளவாடி விவசாயி:
ஆனைமலை அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், மஞ்சள் அட்டையும் முழு நல்லவன் இல்லை. ஈயோடு குளவியும் ஒட்டும். ஈ நிறையப் பறக்கும்போது கட்டுங்கள், அப்புறம் கழற்றிவிடுங்கள். என் கதை பெரிதாக ஒன்றுமில்லை, 40 மரம், நானும் அடித்து ஏமாந்தவன்தான். ஆனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கீற்றின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கீற்றில் கரி மாதிரி படரும் பூஞ்சைக்கு மைதாவைக் காய்ச்சி ஆறவைத்து, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் வெயில் நாளாகப் பார்த்துத் தெளியுங்கள். காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். வட்டத் துளை உள்ள மட்டையை எரிக்காதீர்கள், கீற்றை நறுக்கிக் குளவி இல்லாத மரத்தில் குத்திவையுங்கள். கரையோரம் கல்வாழை நடுங்கள், அதில் குளவி தங்கும். வாரம் ஒரு முறை பத்துக் கீற்றில் எது வட்டம், எது பிளவு என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். வட்டம் கூடினால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்.

ஆனைமலைத் தோப்பு:
தம்பி, நான் யோசனை கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அட்டையை அன்றைக்கே கழற்றிவிட்டேன். எண்ணுவது மட்டும் நல்ல வேலை, செய்துகொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் வரப்போரக் கீற்றுகளில் ஒரு வட்டம்கூட இல்லை. பக்கத்துத் தோப்பில் மோட்டார் சத்தம், மருந்து வாடை. போய்ச் சொல்லலாம் என்று வேலி வரை நடந்தேன். அதே டிரம், அதே நிறம். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.